நான்காவது குழுவின் பெயர்

கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஸ்விட்சின் பட்டியலில் நான்காவதாக அந்தப் பெயர் இருந்தது. தனப்பிரியா.

ஆங்கில எழுத்துகளில். கடைசியில் ஒரு எச் கூடுதலாக.

கதிர்வேலின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. எண்கணிதத்துக்காகச் சேர்த்த அந்த எழுத்தை அவன் ஒரே ஒரு தாளில்தான் பார்த்திருக்கிறான். மூன்று வருடத்துக்கு முன்னால், எடப்பாடிக்குப் பெண் பார்க்கப் போனபோது தரகர் கொடுத்த பயோடேட்டாவில்.

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. அதற்குப் பிறகு பார்த்த எந்தப் பெண்ணும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

பள்ளிபாளையத்து மில்லின் பழைய ஸ்விட்சை மாற்றிப் புதிது மாட்டச் சேலத்திலிருந்து காலையில்தான் வந்திருந்தான். மில்லின் பெரிய சர்வருக்குள், ஒரே பெட்டிக்குள் நாற்பது கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல, நாற்பது விர்ச்சுவல் மெஷின்கள் ஓடின. அவற்றைக் குழுகுழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஸ்விட்சில் தனி வழி போட்டிருந்தார்கள். கணக்கு, சாயம், கேமரா என்று மற்றவற்றுக்கெல்லாம் வேலையின் பெயர். தறிகளைக் கவனிக்கும் நான்காவது குழுவுக்கு மட்டும் ஒரு பெண்ணின் பெயர்.

"அந்த ஒண்ண மட்டும் அப்படியே உட்ருங்க சார்," என்றான் மோகன்குமார். மில்லின் கம்ப்யூட்டர் பொறுப்பு அவனுடையது.

அவன் குரல் குழைந்ததாகக் கதிர்வேலுக்குப் பட்டது.

அப்போதுதான் அவனை நன்றாகப் பார்த்தான். மடிப்புக் கலையாத சட்டை. விரலில் புது மோதிரம். மேஜை ஓரத்தில் பூப்போட்ட சாப்பாட்டுப் பை. இலேசாகத் தொந்தி வேறு.

பெண்டாட்டி பெயரை மில் ஸ்விட்சில் எழுதிவைக்கிற ஆள்.

அந்தச் சட்டையை அவள்தான் தேய்த்திருப்பாள். அந்தப் பையில் டப்பாவை அடுக்கும்போது தலையில் பூ வைத்திருப்பாளோ என்னவோ. கதிர்வேலுக்கு வயிறு எரிந்தது.

போன் வந்து மோகன்குமார் வெளியே போனான்.

கதிர்வேல் அந்தப் பெயரை அழித்தான். அந்த இடத்தில் வெறும் நான்கு என்று போட்டான். பெயரை வைத்துத்தான் சர்வருக்குள் இருக்கும் அந்த மெஷின்கள் தங்கள் வழியைப் பிடிக்கும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல.

கீழே தறிச் சத்தம் வரிசை வரிசையாக அடங்கியது.

மூச்சு வாங்க மோகன்குமார் ஓடிவந்தபோது, கதிர்வேல் பெயரைத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தான். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. தறிகள் மறுபடி ஓடத் தொடங்கின.

மோகன்குமார் கோபப்படவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"இதையெல்லாம் கட்டுனதே இந்தப் பேருக்கார மேடம்தானுங்க. நான் வேலைக்கு வாரதுக்கு முன்னாலயே போயிட்டாங்க, மொகத்தக்கூடப் பாத்ததில்லீங்க. இப்ப பெங்களூர்ல அவங்களுக்குக் கீழ முப்பது பேராமுங்க."

இவன் அவள் புருஷன் இல்லை. கதிர்வேலுக்கு அப்பாடா என்றிருந்தது.

ஒரு கணம்தான். பிறகு திரையில் அவள் போட்டிருந்த வழிகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். எங்கும் ஒரு வரி அதிகமில்லை, ஒரு வரி குறைவில்லை. அவனால் இப்படிப் போட்டிருக்க முடியாது. முன்னைவிட அதிகமாக எரிந்தது.

அன்றைக்கு எடப்பாடியில் அவளுடைய அப்பா, கல்யாணத்துக்குப் பிறகும் பிள்ளை வேலைக்குப் போகலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எல்லோர் முன்னாலும் கதிர்வேல்தான் சிரித்துக்கொண்டே சொன்னான். "ஒரு ஊட்டுக்கு ஒரு இன்ஜினியர் போதுமுங்க."