பச்சைப் பொட்டலம்

"வயரைப் பிடுங்கி மாட்டிட்டியா?"

"மூணு தடவை மாட்டியாச்சு பெய்-ரு. பதறாதே. நான் பார்க்காத பெட்டியா?"

குவோ-துங் சொன்னது வெறும் ஜம்பமில்லை. வீட்டில் எல்லாருடைய கோப்புகளையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் இந்த மாதிரிச் சேமிப்புப் பெட்டிகளுக்கு வைத்தியம் பார்ப்பதுதான் அவன் உத்தியோகம். தைவானின் சின்சு நகரில் உட்கார்ந்துகொண்டு, ஊரிலுள்ள பெட்டிகளையெல்லாம் போனிலேயே பேசி எழுப்பிவிடுவான். சொந்த வீட்டுப் பெட்டி மட்டும் இன்றைக்கு முறைத்துக்கொண்டது.

அதற்குள்தான் இருந்தன, குழந்தைகள் புத்தகம் ஒன்றுக்காக அவன் மனைவி பெய்-ரு வரைந்த எறும்புத்தின்னிப் படங்கள். புத்தகத்துக்கு நாற்பது படம் வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தவணை வாங்கியாயிற்று. இன்று மதியம் மூன்று மணிக்குள் தைப்பே பதிப்பகத்துக்குப் போய்ச் சேராவிட்டால் வேலை வேறு ஓவியருக்கு. இப்போது மணி ஒன்றரை.

"பெட்டியோட பேரு திரையில தெரியுது. தொட்டா 'உங்களுக்கு அனுமதி இல்லை'ன்னு துரத்துது," என்றாள் பெய்-ரு, நகத்தைக் கடித்தபடி.

"இந்த வசனத்தை அது நூறு காரணத்துக்குச் சொல்லும். அனுமதியெல்லாம் நான் போட்டு வச்சது. அதைத் தொடத் தெரிஞ்ச ஆளு இந்த வீட்டுல நான் ஒருத்தன்தான். கோளாறு வேற எங்கேயோ இருக்கு."

ரௌட்டரை அணைத்துப் போட்டான். அவளுடைய லேப்டாப் பிடித்து வைத்திருந்த பழைய கடவுச்சொல்லை அழித்துவிட்டுப் புதிதாகக் கொடுத்தான். பெட்டியின் நெட்வொர்க் எண்ணை வேறு ஏதாவது சாதனம் திருடிக்கொண்டதோ என்று டிவி, பிரிண்டர், ஏசி வரை ஒவ்வொன்றாக விசாரித்தான். எல்லாம் யோக்கியமாக அதனதன் எண்ணில் இருந்தன.

ஒவ்வொரு முறையும் "இப்போ தொட்டுப் பாரு" என்பான். பெய்-ரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சொடுக்குவாள். அனுமதி இல்லை. நீளமாகப் பெருமூச்சு விடுவாள்.

"விட்டுடேன்," என்றாள் மெல்ல. "பாவம், உனக்கும் லீவு நாளு."

இத்தனை கஷ்டத்திலும் தன்னை நினைக்கிறாளே என்று குவோ-துங்குக்கு நெஞ்சு கனத்துவிட்டது. பெட்டியையே அணைத்துப் போட்டான். அது எழுந்து சோம்பல் முறிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அப்புறமும் அதே பதில்.

சமையலறையில் கறிக்கொழுக்கட்டைக்கு முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்த அவன் அம்மா குரல் கொடுத்தாள். "பொட்டலத்தைப் பார்த்தியாடா?"

பெட்டியின் தலையில் உட்கார்ந்திருந்தது அந்தப் பச்சைப் பொட்டலம். உள்ளே தேங்காய் வாசனையுள்ள சோளப்பொரி. தைவானில் ஆஸ்பத்திரியோ, ஆபீசோ, மெஷின் இருக்கும் இடத்தில் இதுவும் இருக்கும். இருந்தால் மெஷின் சொன்னபடி கேட்கும். பச்சை நிறமாகத்தான் இருக்க வேண்டும், தேதி தாண்டக் கூடாது, செத்தாலும் அதைப் பிரித்துத் தின்னக் கூடாது. இதெல்லாம் மூட நம்பிக்கை என்பவர்கள்கூட எடுத்துவிட்டுப் பார்க்கத் துணிந்ததில்லை.

"அடுத்த வருஷம்வரைக்கும் தேதி இருக்கும்மா," என்று சலித்துக்கொண்டே அதைத் தூக்கினான்.

கலகலவென்ற சத்தம் வரவில்லை. திருப்பிப் பார்த்தான். அடிப்பக்கத்தைக் கத்தரியால் நறுக்கி, டேப் போட்டு ஒட்டியிருந்தது. உள்ளே டிஷ்யூ பேப்பர்.

படித்த படிப்பெல்லாம் எந்த மூலைக்குப் போனதோ, குவோ-துங்குக்கு முகம் வெளுத்துவிட்டது. "யாரு... யாரு இதைத் தின்னது?"

சமையலறையில் கத்திச் சத்தம் நின்றது.

"நான்தான்," என்றாள் அம்மா. "காலையில வாய் நமநமன்னுச்சு."

"வீட்டுல ஒரு டப்பா அன்னாசி கேக் இருக்கேம்மா! அதைத் தின்னா என்ன?"

"சர்க்கரை இருக்கு, இனிப்பைத் தொடாதேன்னு நீதானே சொன்னே?"

மணி இரண்டு நாற்பது. பெய்-ரு பதிப்பாசிரியை சூ அம்மையாருக்குப் போன் போட்டு, "படங்கள்..." என்று இழுத்தாள். மாமியார் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என் மருமகமேல தப்பில்லைங்க. பெட்டி திறக்க மாட்டேங்குது. மேல இருந்த பொட்டலத்தை நான் தின்னுட்டேன்."

அந்தப் பக்கம் சூ அம்மையாரின் குரல் தணிந்தது. "பச்சைப் பொட்டலத்தையா?"

"ஒரு பொரி விடாம."

"ஐயய்யோ! அப்புறம் யாரு என்ன பண்ண முடியும்? போன வருஷம் எங்க ஆபீஸ்ல யாரோ மஞ்சள் பொட்டலத்தை வச்சுட்டு, மூணு நாள் எல்லாம் படுத்துருச்சு. இன்னும் பத்து நாள் எடுத்துக்கச் சொல்லுங்க. முதல்ல புதுசு ஒண்ணு வாங்கி வைங்க."

பெய்-ரு மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள்.

குவோ-துங் செருப்புகூடச் சரியாக மாட்டாமல் கீழ்க்கடைக்கு ஓடினான். புதுப் பொட்டலத்தைப் பெட்டியின் தலையில் நிமிர்த்தி வைத்து, கை கூப்பி, "இனிமே ஒழுங்கா இரு சாமி" என்று வேண்டிக்கொண்டான். காலையிலிருந்து அவன் திறந்தே பார்க்காத பக்கம் ஒன்று பாக்கி இருந்தது, அனுமதிப் பட்டியல். எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் திறந்தான்.

பெய்-ருவின் பெயருக்கு நேரே தடை. போட்ட நேரம், இன்று காலை பத்து பத்து. போட்டவர், பெய்-ரு.

தடையை எடுத்தான். பெட்டி சமர்த்தாகத் திறந்துகொண்டது. உள்ளே எண்ணிப் பதினொரு எறும்புத்தின்னிப் படங்கள்.

"என்னடா மரமாட்டம் நிக்கிறே?" என்றாள் அம்மா. "வந்து கொழுக்கட்டையை மடி. அவளைத் தொந்தரவு பண்ணாதே, இன்னும் இருபத்தொம்பது படம் வரையணும்."