ஒற்றைக் காலணி

விதார் மறுபடியும் விழுந்தார். மாக்னி தூக்கப் போனான். அவர் கையைத் தட்டிவிட்டார்.

"ஏன் சித்தப்பா இந்த வீம்பு? பொறந்த மூணாம் நாளே எங்கப்பா மேல விழுந்து கெடந்த ராட்சசன் காலைப் புரட்டிப் போட்டவன் நான். உங்களத் தூக்கினா தேஞ்சா போயிருவேன்?"

விதார் என்றைக்குமே அதிகம் பேசுகிறவர் அல்ல. உலகம் எரிந்து முடிந்த பிறகு அந்தக் கொஞ்சமும் நின்றுபோயிருந்தது.

ஈட்டியை ஊன்றி எழுந்தார். வலது காலை முன்னால் வைத்தார். முகம் வெளுத்தது. இடது காலையும் வைத்தார்.

வலது காலில் மட்டும்தான் காலணி. பாறை போல் கனத்த அடித்தோல், முழங்கால் வரை உயரம். மனிதர்கள் இருந்த காலத்தில், செருப்பு தைக்கிறவர்கள் விரல் பக்கமும் குதிகால் பக்கமும் வெட்டி மிஞ்சுகிற துண்டை விதாருக்கென்று தூக்கிப் போடுவார்கள். அந்தத் துண்டுகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தைத்து அவர் செய்துகொண்டது.

அவருடைய அப்பா ஓடினைப் பெரிய ஓநாய் விழுங்கிய அன்று, அந்தக் காலால்தான் அதன் கீழ்த்தாடையை மிதித்துக்கொண்டு, மேல்தாடையைக் கையால் கிழித்தார்.

தோல் தாங்கியது. உள்ளே இருந்த எலும்பு தாங்கவில்லை.

காலணியைக் கழற்றாமல் இருந்தால் எலும்பு கூடிவிடும் என்று பால்டர் சொல்லியிருந்தார். பால்டர், விதாரின் உடன்பிறந்தவர். எப்போதோ செத்துப்போனவர். தீ அணைந்த பிறகு, செத்தவர்களின் ஊரிலிருந்து ஒரு காலையில் நடந்தே வந்து சேர்ந்தார். சிதையில் கிடத்தும்போது கட்டிவிட்ட காலணி அடி தேய்ந்து, ஓட்டை விழுந்து, இன்னமும் அவர் காலில் இருந்தது. இப்போது அவரும் மிஞ்சிய மற்ற தேவர்களும் புதுப்புல்லில் உட்கார்ந்து பழங்கதை பேசிக்கொண்டிருப்பார்கள்.

விதார் அந்தப் புல்வெளிப் பக்கமே நடப்பதில்லை. தினமும் எதிர்த்திசைதான். விழுகிற இடம் மட்டும் தினமும் கொஞ்சம் தள்ளிப் போகும். கால் பழக்குகிறார் என்று மாக்னி நினைத்திருந்தான்.

இன்றைக்கு மேட்டில் ஏறி நின்றதும்தான் அவனுக்கு விளங்கியது. கீழே ஓநாயின் எலும்புக்கூடு கிடந்தது. விலா எலும்புகள், எரிந்துபோன மண்டபத்தின் உத்தரங்களைப் போல வரிசையாக வளைந்து நின்றன.

விதார் அவற்றுக்கு நடுவே போனார். வயிறு இருந்த இடத்தில் சாம்பல்தான் இருந்தது. சாம்பலைக் கையால் அளைந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

பிறகு அங்கேயே உட்கார்ந்து, கத்தியை எடுத்துத் தன் காலணியின் தையலில் வைத்தார்.

மாக்னி பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தான். விதார் நிமிர்ந்து பார்த்தார். அவன் கை தானாக விட்டது.

பாதப்பகுதி மட்டும் கழன்று வந்தது. கெண்டைக்காலை இறுக்கியிருந்த மேல்தோலை அவர் விட்டுவைத்தார். வீங்கிக் கறுத்த வெறும் பாதத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு, அடித்தோலை உரித்து, வெட்டி, தைத்தார். நீளமாக, ஒடுக்கமாக, ஒரு ஜோடி. தாத்தா ஓடினின் கால் அளவு மாக்னிக்குத் தெரியும்.

செத்தவர்களுக்குக் கட்டும் காலணி அது. நோயிலும் மூப்பிலும் போனவர்களுக்குத்தான் கட்டுவார்கள். வடக்கே கீழுலகத்துக்குப் போகும் கல்வழியை அவர்கள் நடந்தே கடக்கவேண்டும். போரில் செத்தவர்களுக்கு அது தேவையில்லை, அவர்களை ஓடினின் மண்டபத்துக்கு அழைத்துப்போய்விடுவார்கள். இப்போது மண்டபமே சாம்பல். அதன் சொந்தக்காரருக்கும் அந்தக் கல்வழியை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

கட்டிவிடக் கால்கள் இல்லை. விதார் இரண்டு காலணிகளையும் சாம்பலின் மேல் அருகருகே வைத்தார்.

மாக்னி மெதுவாகச் சொன்னான். "சித்தப்பா, திருப்பி வைங்க. செத்தவங்க செருப்பு வடக்க பாத்துதான் இருக்கணும். நீங்க நம்ம புல்வெளியப் பாக்க வச்சிருக்கீங்க."

விதார் வாய் திறந்தார்.

"பால்டர் எந்தப் பக்கமா வந்தான்?"

மாக்னி புல்வெளிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அவன் கை இடுப்பிலிருந்த சுத்தியலைத் தொட்டது. அது அவனுடைய அப்பா தோருடையது. அதே நாளில், கடற்கரையோரம், தான் கொன்ற பாம்பின் நஞ்சிலேயே விழுந்தவர். அவருக்கும் யாரும் காலணி கட்டவில்லை. அடித்தோல் தீர்ந்துபோயிருந்தது.

விதார் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, கெண்டைக்காலை இறுக்கியிருந்த மேல்தோலில் கத்தியை வைத்தார்.

"அதையும் அறுத்துட்டா வீட்டுக்கு எப்படிப் போவீங்க?"

தோல் கழன்றது. அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, விதார் தன் கையை அவனிடம் நீட்டினார்.

மாக்னி முதுகைக் காட்டிக் குனிந்தான். அவர் ஏறிக்கொண்டார்.

வீட்டுப் பக்கம் திரும்பியவனின் தோளைத் தட்டி, கடல் இருக்கும் திசையைக் காட்டினார்.