மிளகிக்குப் பத்து வயது

“சார், ஓவியக் கல்லூரியில முதல் வருஷம் படிக்கிறவங்ககூட இந்தத் தப்பப் பண்ண மாட்டாங்க” என்று சொல்லிப் புதுப் புத்தகத்துக்கான பதினாறு ஓவியங்களையும் மேஜைமேல் பரப்பினாள் பவித்ரா.

சென்னைப் பதிப்பகத்தில் அவள் பதிப்பாசிரியராகச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி, வெள்ளக்கடையில் இருக்கும் இந்த ஓட்டு வீட்டுக்கே வந்துவிட்டாள் என்றால் எவ்வளவு கோபம் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிரில் ஓவியர் ஸ்தனிஸ்லாஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாசிக்கிற குழந்தைகள் இருக்கும் வீடுகளில் அவருடைய ‘மிளகி’யைத் தெரியாதவர்கள் குறைவு. அந்தச் சிறுமி காட்டெருமைமேல் ஏறிச் சந்தைக்குப் போவாள், நனைகிற நத்தைக்குக் குடை பிடிப்பாள், பனிமூட்டத்துக்குச் சளி பிடித்தால் கஷாயம் வைத்துக் கொடுப்பாள். ஒன்பது வருடத்தில் ஏழு புத்தகங்கள் வந்துவிட்டன.

“ஏனுங்க, வந்தவங்கள நிக்க வெச்சே பேசுறீங்களே, உக்காரச் சொல்லுங்க” என்று உள்ளேயிருந்து அவர் மனைவி ராணியின் குரல் வந்தது. பவித்ரா உட்காரவில்லை.

“படம் ரெண்டு பக்கத்துக்கும் சேர்ந்து வருது. புத்தகத்தத் தைக்கும்போது நடுமடிப்புக்குள்ள ஒரு விரல் அகலம் போயிடும். அங்க முக்கியமான எதையும் வைக்கக் கூடாதுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?”

“தெரியுமுங்க மேடம்.”

“அப்புறம் ஏன் சார் பதினாறு படத்துலயும் மிளகி முகம் கரெக்டா மடிப்புல வந்து உட்கார்ந்திருக்கு? தைச்சு முடிச்சா ரெண்டு காதுதான் மிஞ்சும்!”

பவித்ரா படங்களை மறுபடி பார்த்தாள். காட்டெருமையின் மூக்கில் ஒட்டியிருந்த புல்கூட அச்சு அசலாக இருந்தது, அவர் கைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனால் மடிப்பில் மறையப்போகிறதுதானே என்றோ என்னவோ, மிளகியின் கண்ணும் மூக்கும் மட்டும் பேருக்கு நாலு புள்ளியாக இருந்தன. இது அலட்சியமேதான் என்று முடிவு கட்டினாள்.

முடிவுக்கு ஏற்ற சாட்சியும் அவள் பையில் இருந்தது. பழைய புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து முதல் பக்கத்தைத் திறந்து வைத்தாள்.

“இதையும் பாருங்க. ஏழு புத்தகத்துலயும் ‘எங்கள் ஆறு வயது மகளுக்கு’ன்னே சமர்ப்பணம். ஒன்பது வருஷமா ஒரே வரி! அதக்கூட மாத்தத் தோணலையா சார்?”

“அது அப்படியே இருக்கட்டுமுங்க” என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

மிளகியை வளர்க்கலாம் என்பது பதிப்பகத்தின் யோசனை. கதைகளைப் படித்த பிள்ளைகள் எல்லாம் வளர்ந்துவிட்டார்கள், அவளுக்கும் புதுப் புத்தகத்தில் பத்து வயது ஆகட்டும் என்று போனில் சொன்னார்கள். இவரும் ஒரே வார்த்தையில் சரி என்று சொல்லியிருந்தார். முடியாது என்றால் அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று நினைத்தாள் பவித்ரா.

“நேராவே சொல்லிடறேன் சார். உங்களால முடியலைன்னா மிளகிய வேற ஆர்ட்டிஸ்ட்கிட்ட கொடுத்துடறதா இருக்காங்க. ஒப்பந்தத்துல அதுக்கு இடம் இருக்கு.”

ஸ்தனிஸ்லாஸ் கட்டியிருந்த கையைப் பிரித்துக் கும்பிட்டார்.

“வேண்டாமுங்க மேடம். நொம்பக் கெஞ்சிக் கேக்கறனுங்க. அவள இன்னொருத்தர் கையில குடுத்துராதீங்க. அவ இல்லாம இந்த ஊட்டுல நாங்க என்ன பண்றது?”

ஐம்பதை நெருங்கும் மனிதர் ஒரு படத்துக்காக இப்படிக் குரல் உடைந்து பேசியதும் பவித்ராவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கோபம் பாதி இறங்கிப்போனது.

“சரி, ஒண்ணு பண்ணுங்க. இப்பவே, என் முன்னாடி ஒரே ஒரு படம் போடுங்க. மடிப்ப விட்டுத் தள்ளி, முகம் பெருசா தெரியற மாதிரி. அதக் காமிச்சு நான் ஆபீஸ்ல பேசிக்கறேன்.”

அவர் உட்கார்ந்து பென்சிலை எடுத்தார். முதலில் ஷூ வந்தது, அப்புறம் யூனிஃபார்ம் பாவாடை, கொஞ்சம் நீண்ட கைகள், தோளில் புத்தகப் பை. பைமேல் ஒரு வண்டு ஏறி, ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்படுத்துவதைப் போல முன்காலை நீட்டிக்கொண்டிருந்தது. பவித்ரா தன்னை மறந்து சிரித்துவிட்டாள்.

ரிப்பன் கட்டிய இரட்டைச் சடையும் வந்தது. அதோடு பென்சில் நின்றது.

கன்னத்துக்கு ஒரு வளைவு போட்டார். அது பழைய மிளகியின் உப்பிய கன்னமாகவே வந்தது. அழித்தார், திரும்பப் போட்டார், மறுபடியும் அதே கன்னம்தான். மூன்றாம் தடவை அழித்தபோது காகிதம் நைந்து ஓட்டை விழுந்தது. வெளியே அத்தனை குளிர், அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

காபி டம்ளரோடு வந்த ராணி கதவோரத்திலேயே நின்றுவிட்டாள்.

“எதுக்கு சார் இவ்வளவு கஷ்டப்படறீங்க?” என்றாள் பவித்ரா, இப்போது நிஜமான அக்கறையோடு. “மிளகி உங்க பொண்ணேதான்னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்வாங்க. பத்து வயசுல அவ எப்படி இருந்தாளோ, அப்படியே போட்டுட வேண்டியதுதானே?”

ராணி டம்ளரை மேஜைமேல் வைத்தாள். கணவரின் விரல்களைப் பிரித்துப் பென்சிலை வாங்கிக்கொண்டு பவித்ராவைப் பார்த்தாள்.

“அவளுக்குப் பத்து வயசு ஆகவே இல்லீங்களே.”