மாமன் மடி

“மாமா, நீங்க வரலைன்னா நான் யாரு மடியில உக்காந்து காது குத்திக்கிறது?”

இரண்டு வருடத்துக்கு முன் மித்ரா போனில் கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது.

தறியில் வேலை இருக்கிறது என்று சொல்லி அவன் போனை வைத்துவிட்டான்.

இப்போது புற்றுநோய் மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே நிற்கிறான். நாற்காலி காலியாக இருக்கிறது. உட்கார முடியவில்லை.

படி வரை போனான். திரும்பி வந்தான். மறுபடி போனான்.

மித்ராவின் அப்பா இந்நேரம் டீ குடிக்கக் கீழே போயிருப்பார். அவர் மேலே வருவதற்குள் ரத்தத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும்.

தங்கை பூங்கோதையின் கணவர். மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவான். காது குத்துக்கு முந்தின வருடம், பூங்கோதை இறந்த பதினாறாம் நாள், கூட்டத்தில், அவர் பின்னாலிருந்து மூன்று முறை கூப்பிட்டாராம். இவன் திரும்பவில்லை. அத்தனை பேர் பார்த்தார்கள்.

பேச்சு அன்றோடு நின்றது.

காதில் விழவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சொல்ல முடியாது. பூங்கோதையைப் பெண் பார்க்க வந்த அன்று, காதுக்கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டியவன் அவன். அண்ணனுக்குக் காது மந்தம் என்று தெரிந்தால் பெண்ணை வேண்டாம் என்பார்கள். அம்மாவுக்கு அந்தப் பயம். அன்றிலிருந்து முடியைக் காதுக்குக் கீழே வளர்த்து வருகிறான்.

குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய், தாய்வழி ரத்தம் கொஞ்சம் பரிசோதனைக்கு வேண்டுமாம் என்று ஒன்றுவிட்ட அக்கா நேற்று செய்தி அனுப்பினாள். மாப்பிள்ளை கேட்கவில்லை. கேட்கமாட்டார்.

ரத்தம் எடுக்கும் பெண் வந்து தோளைத் தொட்டாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள் போல.

உள்ளே போனான். அவள் ஏதேதோ விளக்கினாள். முகக்கவசத்துக்குப் பின்னால் குரல் பஞ்சில் சுற்றியது போல வந்தது.

தலையாட்டினான்.

அவள் நிறுத்தினாள். அவன் கண்கள் தன் வாயைத் தேடுவதைக் கவனித்துவிட்டாள்.

நாற்காலியை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் போட்டாள். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினாள். முதலிலிருந்து சொன்னாள்.

செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று உண்டு. உடம்பு ஓடச் சக்தி தருவது அதுதான். அதற்கென்று தனியாக டி.என்.ஏ. அது அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். மித்ராவின் நோய் செல்களில் அது பல இடங்களில் மாறியிருக்கிறது. எது பிறவியில் வந்தது, எது நோய் செய்தது என்று பிரிக்க, தாய்வழியில் ஒருவருடைய ரத்தத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

“அம்மா இல்லீங்களே. கூடப்பொறந்த நீங்க இருக்கீங்க. உங்களுக்கும் பாப்பாவுக்கும் அது ஒண்ணுதாங்கண்ணா.”

பூங்கோதை உட்கார்ந்திருக்க வேண்டிய நாற்காலி.

கையை நீட்டினான்.

குழாய் நிறையும்போது மேசைமேல் இருந்த படிவம் கண்ணில் பட்டது. மாப்பிள்ளையின் கையெழுத்து.

தாய்வழியில் காது கேளாதவர்: இல்லை.

அதை எதற்குக் கேட்கிறார்கள் என்று கேட்டான்.

சில குடும்பங்களில் இந்தத் தாய்வழி டி.என்.ஏ.வில் ஒரு மாற்றம் இருக்கும் என்றாள் அவள். அவர்களுக்கு மட்டும் ஒருவகை ஊசி காதைக் கெடுத்துவிடும். மித்ராவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். மதியம் அந்த ஊசிதான் ஆரம்பிக்கிறார்கள்.

“இல்லைன்னு எழுதியிருக்காங்க. அதனால பயமில்லீங்கண்ணா.”

கையில் பஞ்சை வைத்து அழுத்திவிட்டாள். வந்த வேலை முடிந்தது. எழுந்து போகலாம்.

அவன் உதடு ஒருமுறை முருகா என்று அசைந்தது.

காதோரத்து முடியை ஒதுக்கிக் கருவியைக் காட்டினான்.

“எனக்கு ஏழு வயசுல காச்சலுங்க. நாலஞ்சு நாள் ஊசி போட்டாங்க. காச்சல் போச்சு, கூடவே காதும் போச்சு. காச்சல்தான் காதை எடுத்துட்டுப் போச்சுன்னு எங்கம்மா கடைசி வரைக்கும் சொன்னாங்க.”

அவள் குழாயைத் தாங்கியில் செருகிவிட்டு எழுந்து ஓடினாள். அறைச் செருப்பு ஒன்று வழியிலேயே கிடந்தது.

வாசல்படியில் அதை எடுத்து ஓரமாக வைத்தான்.

டாக்டர் வந்தார். எந்த ஊசி, எத்தனை நாள் என்று கேட்டார். பெயர் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னான். அவர் அங்கிருந்தே வார்டுக்குப் பேசினார். வேறு மருந்து. இந்த ரத்தத்தின் முடிவு வரும்வரை அந்த ஊசி குழந்தையின் பக்கமே போகாது.

மித்ராவின் அப்பாவிடம் என்ன சொல்வது என்று அந்தப் பெண் தயங்கினாள்.

அவன் பேனாவைக் கேட்டு வாங்கினான். ‘இல்லை’ என்பதை அடித்தான். பக்கத்தில் எழுதினான்.

தாய்மாமன். ஏழு வயதிலிருந்து.

படிக்குப் போகும் வழியில் குழந்தைகள் வார்டு. கதவில் ஒரு சிறிய கண்ணாடி.

மித்ரா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலையில் முடி இல்லை. காதில் கம்மலைக் கழற்றியிருந்தார்கள். யார் மடியிலோ உட்கார்ந்து குத்திக்கொண்ட துளை மட்டும்.

உள்ளே யாரோ எவர்சில்வர் தட்டைத் தவறவிட்டார்கள்.

அவனுக்கு அது தூரத்துச் சத்தம்.

மித்ரா சட்டென்று திரும்பினாள். தட்டு விழுந்த பக்கம்.

கதவின் பக்கம் யாரும் பார்க்கவில்லை. நடையிலும் ஆள் இல்லை.

அவன் சுவரோரம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். வேட்டியை இழுத்து மடியைச் சரிசெய்தான்.