காசு சொன்ன ஆமா

தார்ப்பாய் மறைப்புக்குப் பின்னால் காசு சுண்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மேஸ்திரியே வரிசையில் நின்றதால் யாரும் பயப்படவில்லை.

சூதாட்டம் இல்லை. கட்டட வேலை செய்யும் ஆண்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கக் கம்பெனி ஒரு பெண்ணை அனுப்பியிருந்தது. இந்த வருஷத்தில் பெண்டாட்டி மேல் கை வைத்ததுண்டா? அடி வாங்குகிறவள் ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள, அவர்கள் குடியிருக்கும் கொட்டகைகளுக்கு நடுவே ஓர் அறை கட்டலாமா என்பதை, பதிலைப் பார்த்து அந்தக் கம்பெனிப் பெண்தான் முடிவு செய்வாள்.

நேராகக் கேட்டால் எவன் சொல்வான்? அதனால்தான் காசு.

"மறைவுல போய் சுண்டுங்கண்ணே. தலை விழுந்தா, அடிச்சாலும் அடிக்காட்டியும் ஆமான்னு சொல்லிடுங்க. பூ விழுந்தா உண்மையைச் சொல்லுங்க. நீங்க சொல்றது காசு சொன்ன ஆமாவா, உங்க ஆமாவான்னு எனக்கே தெரியாது."

கொத்தனாரின் முறை வந்தது. மணல் குவியலருகே அவர் மனைவி இடது கையால் சட்டி தூக்கிக்கொண்டிருந்தாள். முந்தாநாள் அவர் முறுக்கிய வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. கேட்டவர்களிடம் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி வைத்திருந்தாள். காலையில் கிளம்பும்போது அவரிடம் ஒன்றுதான் சொன்னாள்.

"அந்த ரூம் வந்தா நல்லாருக்கும்."

சுண்டினார். தலை. ஆமா என்றால் போதும், பழியைக் காசு ஏற்றுக்கொள்ளும். ஆனால் வெளியே வந்தால் வரிசை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"இல்லைம்மா" என்றார்.

கடைசி ஆளும் இல்லை என்றதும் ஒட்டடைக்குச்சி என்று பேர் வாங்கிய பெயிண்டர், இங்கே இருப்பவர்களெல்லாம் அவரவர் வீட்டில் அடி வாங்குகிற ஜாதி என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கொத்தனாருக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை யோக்கியர்களுக்கு நடுவில் தான் ஒருவன் மட்டும் புளுகன் என்று குன்றிப்போனார். மணல் பக்கம் திரும்பவே கண் கூசியது.

அந்தப் பெண் பையை மாட்டிக்கொண்டு, நாளைக்கே அறைக்கு அஸ்திவார நூல் பிடிக்கச் சொன்னாள். மேஸ்திரிக்குப் புரியவில்லை. அதுதான் ஒருத்தன் விடாமல் இல்லை என்று சொல்லிவிட்டானே, பிறகு எதற்கு அறை என்று கேட்டார்.

அவள் வரிசையை ஒரு தடவை பார்த்தாள்.

"இருபத்திரண்டு பேர் சுண்டினீங்களேண்ணே, ஒருத்தருக்குக்கூடவா தலை விழல?"