முதல் துண்டு

"இன்னாம்மா, என்னைப் பாத்துட்டு கதவை மூடறே? மீனுதான் கீது, வெசமா கீது?"

அங்காளம்மாள் கூடையைப் படிக்கட்டிலேயே இறக்கிவிட்டாள். சுனாமிக்கு முன்னால் வாரம் தவறாமல் இந்த மேடவாக்கம் ஃப்ளாட்ஸுக்கு வந்துகொண்டிருந்தவள். மூன்று மாதம் கழித்து இன்றைக்குத்தான் வருகிறாள்.

நிஷா இடுப்பிலிருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"வேணாம்க்கா, பயமா இருக்கு. கடல்ல போனவங்களை எல்லாம் இந்த மீனுங்கதான்..."



அங்காளம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் இதைத்தாம்மா சொல்றாங்கோ. நிவாரண அரிசி நின்னு போச்சு. இப்பத்தான் போட்டை சரி பண்ணி கடலுக்கு அனுப்பினோம். புடிச்சாந்ததை வாங்க ஆளில்லன்னா குப்பமே இன்னாத்தைத் துன்னும்? நீ வாங்கினா மத்த வூட்டுக்காரங்களும் வாங்குவாங்க."

நிஷாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்து, குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"ஒரு துண்டு வறுத்துத் தர்றேன். என் கண் முன்னாடி நீங்க சாப்பிடுங்க. அப்புறம் வாங்கறேன்."

"நானா?"

"உங்க மீன்தானே? ஏன் யோசிக்கிறீங்க?"

அந்தத் தயக்கமே நிஷாவைக் கலவரப்படுத்தியது.

கூடையிலிருந்த சங்கரா மீனில் ஒரு துண்டை வறுத்துத் தட்டில் வைத்து நீட்டினாள். அங்காளம்மாள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கசப்பு மாத்திரையை விழுங்குவதுபோல் விழுங்கினாள்.

"போதுமாம்மா? இப்பவாச்சும் வாங்குவியா?"

நிஷா அரைக் கிலோ வாங்கினாள். அதைப் பார்த்து எதிர் ஃப்ளாட் மஹாலட்சுமியும் வாங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் பால்கனிக்கு வந்த நிஷா எட்டிப் பார்த்தாள். கீழே காம்பவுண்ட் சுவர் ஓரம் குனிந்து, அங்காளம்மாள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

மீன் பையோடு கீழே ஓடினாள்.

"வாட்ச்மேன்! இனிமே அந்தம்மாவை உள்ள விடாதீங்க. கெட்டுப்போனதை எங்க தலையில கட்டிட்டு, அங்க பாருங்க, அவங்களுக்கே ஒத்துக்கல!"

வாட்ச்மேன் ஏகநாதனும் அங்காளம்மாளின் குப்பத்துக்காரர்தான். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மீனு காலைல புடிச்ச மீனுதாம்மா. அங்காளம்மா வூட்டுக்காரனை அலை இஸ்துகினு போச்சு, பொணம்கூட கெடைக்கல. அன்னிலேர்ந்து அது மீனு துன்றதில்லம்மா."