அவன் என்னா சொல்றான்?

“தொப்பி போட்டவன் பொலிஸு. அந்தப் பொம்பளையத் தேடி வந்திருக்கான்,” என்று டிவியில் ஓடிய இங்கிலீசுப் படத்தை ஜெசிந்தன் மனைவி பவுலினாவுக்கு விளக்கினான். நாலு வருசம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவளுக்கு அரபு வரும், இங்கிலீசு எங்கே வரப்போகிறது.

அவனுக்கு வரும். எல்ல என்ற மலையூரில் ஒரு சுற்றுலா விடுதியில் வெள்ளைக்காரர்களின் பெட்டிகளைச் சுமந்து சுமந்தே கற்றுக்கொண்டது.

விடுதியின் வரவேற்பு மேசையில் இருக்கும் றுஸைனாதான் படத்தைச் சிபாரிசு செய்தாள். பவுலினாவோடு படித்தவள். பழைய கறுப்பு வெள்ளை, ஒரே மழையும் சிகரெட் புகையும், வீட்டில் இருக்கிற ராத்திரிக்கு அதுதான் சரி என்று பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள். விளக்கை அணைத்துவிட்டு இரண்டு பேருமாகப் பார்க்கச் சொன்னாள்.

பவுலினா ஊருக்கு வந்து பத்து நாள். தொப்பிக்காரன் ஏதோ நக்கலடித்தான். ஜெசிந்தன் அதைத் தமிழில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் சிரித்துவிட்டாள். அவன் மூஞ்சியைப் பார்த்தாலே சிரிப்பு வருகிறது என்றாள்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. வெளியூர் போயிருந்த மனைவி திரும்பி வந்து நிற்கிறாள். நீ இல்லாத காலம் முழுக்க இன்னொருத்தியோடு இருந்தேன் என்று புருசன் அழுகிறான்.

 தோட்டத்துக் கீழ் லயத்து வரிசை வீட்டுத் துஷாந்தினியோடு ஜெசிந்தனுக்கு மூன்று வருசப் பழக்கம். பவுலினா திரும்பி வந்த மாதம்தான் அதை விட்டான். லயம் முழுக்கத் தெரியும். இவளுக்குத் தெரிந்தால் மறுபடி பெட்டியைத் தூக்கிவிடுவாள் என்று பத்து நாளாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

“அவன் என்னா சொல்றான்?”

“வேல போயிருச்சாம்.”

“அதுக்கா அவ அறையிறா?”

“கோவக்காரி போல.”

திருப்பிப் போடச் சொன்னாள். போட்டான். மறுபடி கேட்டாள். குடித்துவிட்டு வந்துவிட்டானாம் என்றான்.

மூன்றாம் முறை அவளே ரிமோட்டை வாங்கி, அந்த அழுகிற முகத்தில் படத்தை நிறுத்தினாள். அவனால் திரையையும் பார்க்க முடியவில்லை, அவளையும் பார்க்க முடியவில்லை. அவள் விரல்களைப் பார்த்தான். யார் வீட்டுக் கக்கூஸையோ மருந்து ஊற்றித் தேய்த்துத் தேய்த்துத் தோல் வெடித்த விரல்கள். அந்தக் காசில் வாங்கிய டிவி இது. இதில் துஷாந்தினியோடு எத்தனை படம் பார்த்திருக்கிறான். 

“இந்த இங்கிலீசு எனக்கே சரியா வெளங்கல பவுலினா,” என்றான்.

அவள் எழுந்து விளக்கைப் போட்டாள். குரலை உயர்த்தவில்லை.

“குவைத்துல மேடம்கூட ஒக்காந்து, அவங்க அரபில சொல்லச் சொல்ல மூணு வாட்டி பாத்த படங்க இது. ஒங்களுக்குக் குடுக்கச் சொல்லி றுஸைனாகிட்ட சொன்னதே நாந்தான்.”